காலமறியாப் பிள்ளையும் தாளமும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் என் போன்ற ஒருவனை இப்பேரவையின் முன் நிறுத்தி, மாணவர் நலம்பற்றிச் சில சொல்லுக எனத் தலைவர் அவர்கள் பணித்தார்கள். யான் மருத்துவன் அல்லன். சங்கீத வித்துவானும் அல்லன். பல்லாண்டுகளாகச் சிறுவர்களோடு பழகியவன் என்னும் ஒரு தகுதியே எனக்குண்டு. அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றுள் யான் கற்றுத் தெளிந்த சிலவற்றை, என் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றோடு சேர்த்து உங்கள்முன் வைக்கின்றேன். குற்றங் களைந்து குணங் கொள்வீர்களாக.

இக்கூட்டம் மாலை 5 மணிக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழிற் கண்டிருந்தது. இறைவணக்கம் பாடிய பொழுது மணி 6. அதுபற்றி நம்மில் ஒருவரும் ஒருவரையும் வைது கொள்ளவில்லை. ஆனால், நம் சங்க மாணவர் விடுதியில் மாலைப் படிப்பு நேரத்திற்கு மும்முறை தாமதித்து வரும் மாணவனை விடுதியினின்றும் விலக்கிவிடுவது என்றொரு விதி இன்று ஆலோசனைக்கு வந்துளது. அதனை முடிவு செய்யுமுன் என் சொற்களுக்குச் சற்றே செவிசாய்க்க வேண்டுகின்றேன். நாம் இன்று தாமதித்தது காலம் தெரியாமையால் அன்று, தெரிந்தே தாமதித்தோம். காலம் செல்வதே தெரியாமல் தாமதிக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உளர். இவ்விரு தாமதங்களையும் ஒன்றாக எண்ணித் தண்டிப்பது நீதியாகாது என்பதே யான் சொல்ல வந்தது. அத்தகைய பிள்ளைக்கு இசையும் தாளமும் எவ்வாறு ஓர் ஊன்றுகோலாகக் கூடும் என்பதனையும் உடன் கூறுவேன்.

முதற்கண் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் என்பாற் பயின்றான். அறிவிற் குறைந்தவன் அல்லன். ஒரு செய்யுளைப் படித்துக் காட்டினால் அதன் கருத்தைப் பிறர் உணருமுன் தான் உணர்ந்து சொல்லுவான். ஆனால், கேள்வி முடியும் வரை பொறாமல் இடையிற் புகுந்து சொல்லுவான். எழுதத் தொடங்கினாலோ மூன்றாம் வரியில் பேனாவை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்ப்பான். பத்து நிமிஷத்தில் முடியும் பயிற்சி அவனுக்கு மணியடித்த பின்னும் முடியாது. தண்ணீர் குடித்து வருகிறேன் என்று போனால் கால்மணி, அரைமணி கழித்தே வருவான். ‘ஏனடா இவ்வளவு நேரம்?’ என்றால், ‘இப்பொழுதுதானே ஐயா போனேன்?’ என்பான். அதனைத் துடுக்கு என்று கொண்டேன் யான். ஒரு பருவம் முழுதும் எத்தனையோ நாள் அவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். அதனால் அவனும் ஒன்றும் கற்கவில்லை. யானும் ஒன்றும் கற்கவில்லை.

ஒருநாள் அவன் தாயார் வந்தார். ‘ஐயா, நீங்கள் அவனை அடங்காதவன் என்கிறீர்கள். வீட்டில், ஐந்து நிமிஷத்தில் குளித்துவிட்டு வா என்றால் சரியென்று தலையாட்டித்தான் போகிறான். ஐந்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நான் வெளியே நின்று ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினால் மட்டும் வந்துவிடுகிறான்’ என்றார். எழுத்துக்கு மாத்திரை கற்பித்தே காலங்கழித்த எனக்கு, ஒரு பிள்ளைக்குக் காலத்தின் மாத்திரையே தெரியாதிருக்கக் கூடும் என்பது அன்றுதான் தோன்றியது. பின்னர் அவ்வம்மையார் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இது ‘ஏ.டி.எச்.டி.’ எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று மருத்துவர் ஆராய்ந்து கூறினார்.

நிற்க. இக்குறைபாடு யாது? இது கைப்பேசியால் முளைத்த புது நோய் என்பாரும், தாய் செல்லங் கொடுத்ததால் வந்த கேடு என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. 1798-ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர், மனம் ஒன்றில் ஊன்றி நில்லாத இயல்பு சிலர்க்குப் பிறவியிலேயே அமைவதைத் தம் நூலில் எழுதினார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், இலண்டன் மாநகரில் மருத்துவர் பேரவையின் முன் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவுக் குறைவு இல்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கிக் கொள்ளும் ஆற்றல் குன்றிய குழந்தைகளைப்பற்றி விரித்துரைத்தார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தார் தம் நோய்த் தொகுதி நூலில் இதற்குக் ‘கவனக்குறைவுக் கோளாறு’ எனப் பெயரிட்டனர்; 1987-இல் மிகையியக்கம் என்னும் சொல்லும் அதனோடு சேர்ந்தது. உலகில் நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய ஐவருக்கு இஃது உண்டு என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். பெரும்பாலும் இது குடிவழியாக வருவது. ஆதலின், பிள்ளையைக் கடியும் தந்தையார் தம் இளமையையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

துடுக்கான பிள்ளைகள் எல்லாரும் இக்குறையுடையவர் அல்லர். 2013-இல் வெளிவந்த அந்நூலின் ஐந்தாம் பதிப்பு, கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளும், மிகையியக்கத்திற்கும் பதற்றச் செயலுக்கும் ஒன்பது அறிகுறிகளும் வகுத்துள்ளது. குழந்தைகளைப் பொறுத்தவரை, இவ்விரு வகையுள் ஒன்றிலேனும் ஆறு அறிகுறிகள் ஆறு திங்களுக்குக் குறையாமல் நிலைத்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல் இரண்டிடத்தேனும் காணப்படல் வேண்டும். பன்னிரண்டு வயதிற்கு முன்னரே அவற்றுட் சில தோன்றியிருக்க வேண்டும். இதனை ஆராய்ந்து துணிதல் மருத்துவர் கடமை. நம் கடமை அன்று. பெண்மக்களைக் குறித்தும் ஒரு சொல் கூறல் வேண்டும். ஓடியாடிக் குழப்பம் செய்யும் பையன் எல்லார் கண்ணிலும் படுகின்றான். வகுப்பின் மூலையில் அமைதியாக அமர்ந்து, கண் ஈங்கும் கருத்து எங்கும் ஆக இருக்கும் பெண்ணை ‘மந்தமானவள்’ என்று சொல்லி விட்டுவிடுகின்றோம். அவளுக்கும் இக்குறை இருத்தல் கூடும்.

இனிக் காலம்பற்றிப் பேசுவோம். காலத்தை அளக்கும் கருவி நம் முன்னோர்க்கு யாது? தொல்காப்பியனார் கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கூறினார். நன்னூலாராகிய பவணந்தி முனிவரோ, அவ்விமையும் நொடியும் இயல்பாக உடைய மாந்தரிடத்து நிகழ்வன என்று அடைகொடுத்து உரைத்தார். இவ்விடத்தைப் பலமுறை பாடஞ் சொல்லியிருந்தும் அவ்வடையின் அருமையை யான் உணர்ந்தேனல்லேன். இயல்பான இமையும் நொடியுமே அளவு என்றால், உள்ளிருக்கும் அளவுகோல் இயல்பினின்றும் வேறுபட்டோரும் உண்டு என்பது தானே பெறப்படும்.

அன்றியும், நொடிக்கும் ஒரு செயலையே இலக்கண நூலார் நான்காகப் பகுத்தனர். நொடிக்க நினைப்பது கால் மாத்திரை; விரலோடு விரலை வைத்து ஊன்றும்பொழுது அரை; முறுக்கும்பொழுது முக்கால்; விடுக்கும்பொழுது ஒன்று. செயலுக்கு முன் நிகழும் நினைப்புக்கும் அவர்கள் காலப்பங்கு வைத்தமை காண்க. இக்குறையுடைய பிள்ளையிடத்து அந்தக் கால் மாத்திரை நழுவிப் போகின்றது. நினைப்பதற்குள் விரல் நொடித்துவிடுகின்றது. கேள்வி முடியுமுன் விடை வந்துவிடுகின்றது.

இதனை மேனாட்டார் சோதனை செய்து கண்டுளர். குழந்தையின் முன் ஒரு விளக்கைச் சில விநாடி எரியவிட்டு அணைப்பர். ‘இது எவ்வளவு நேரம் எரிந்ததோ அவ்வளவு நேரம் நீயும் எரியச் செய்’ என்பர். இக்குறையுடைய குழந்தைகள் ஏனையோரினும் மிகுதியாகப் பிழைக்கின்றனர். காலம் நீள நீளப் பிழையும் வளர்கின்றது. காத்திருத்தலும் அவர்கட்குப் பிறரினும் கடுந்துன்பமாகின்றது. அமெரிக்க உளநூல் அறிஞராகிய ரஸல் பார்க்லி என்பார் 1997-இல் வெளியிட்ட தம் கொள்கையில், இக்குறையைக் கவனக்குறைவு என்று மட்டும் கருதாமல், தன்னை அடக்கும் ஆற்றலின் குறைவாகவும், அதனால் விளையும் காலவுணர்வின் குறைவாகவும் விளக்கினார். கிட்டப்பார்வை உடையானுக்கு அண்மையிலுள்ளது தெளிவாகவும் சேய்மையிலுள்ளது மங்கலாகவும் தோன்றுவதுபோல, இப்பிள்ளைகட்கு ‘இப்பொழுது’ என்பது தெளிவாகவும், ‘இன்னும் சிறிது நேரத்தில்’ என்பது மங்கலாகவும் தோன்றும். கண்ணில் கிட்டப்பார்வை உடையவனைக் கரும்பலகை படிக்கவில்லை என்று நாம் அடிப்பதில்லை. கண்ணாடி வாங்கித் தருகின்றோம். காலத்தில் கிட்டப்பார்வை உடையவனுக்கு நாம் தரும் கண்ணாடி யாது?

இதற்கு விடை எனக்கு ஒரு கோயில் திருவிழாவிற் கிடைத்தது. சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரக்காரர் வாசித்துக் கொண்டிருந்தனர். அவர் அருகே யான் கூறிய அப்பையன் நின்றிருந்தான். வகுப்பில் பத்து நிமிஷம் இருக்கை கொள்ளாத அவன், ஒரு மணி நேரத்திற்குமேல் அவ்விடம் விட்டுப் பெயரவில்லை. கைத்தாளம் போடுபவரைப் பார்த்துப் பார்த்துத் தன் தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருந்தான். அவன் தாளஞானம் மிக்கவன் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் கை அடிக்கடி முந்தி ஓடிற்று. ஆயினும், கைத்தாளத்தின் ஓசை கேட்குந்தோறும் தவறு தெரிந்து திரும்பிச் சேர்ந்து கொண்டது. இடையே அவ்வோசை நின்றபொழுதோ, அவன் கை விரைந்து விரைந்து எங்கோ போய்விட்டது. மீண்டும் ஒலித்ததும் மீண்டும் வந்து சேர்ந்தது. தாய் வெளியே நின்று எண்ணினால் வந்துவிடுகின்றான் என்று சொன்னது அப்பொழுது என் நினைவிற்கு வந்தது.

யான் திருவிழாவிற் கண்டது அறிஞர்க்குப் புதிதன்று. 1886-ஆம் ஆண்டிலேயே ஸ்டீவன்ஸ் என்பார் இதனையொத்த ஒரு சோதனையை வெளியிட்டார். தாளக்கருவி ஒன்றை ஒலிக்கவிட்டு அதனோடு ஒத்துத் தட்டச் செய்வது முதற்பகுதி. கருவியை நிறுத்திவிட்டு அதே கதியில் தொடர்ந்து தட்டச் செய்வது இரண்டாம் பகுதி. முதலாவது புறத்திலுள்ள காலத்தைப் பற்றிக் கொள்ளும் திறம். இரண்டாவது அகத்திலுள்ள காலத்தைக் காக்கும் திறம். இக்காலத்தில் இம்முறையால் சோதித்தபொழுது, கவனக்குறைவுடைய குழந்தைகளின் தட்டுக்களுக்கு இடைப்பட்ட காலம் ஏனையோருடையதினும் மிகுதியாக ஏறியும் குறைந்தும் நிற்கக் கண்டனர். 2017-இல் பிரான்சு தேசத்து மோன்பெலியே நகரத்து ஆராய்ச்சியாளர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், இக்குறையுடைய சிறுவரும் பெரியவரும் தாளத்தோடு ஒத்துத் தட்டுவதிலும் தாளம் பிழைத்தமையைக் கேட்டு அறிவதிலும் பின்தங்கியிருந்தமை காணப்பட்டது. ஆதலின் தாளம் இவர்கட்கு எளிது என்று யான் கூறவில்லை. அரிது என்பதனாலேயே, அன்போடு பழக்கத் தக்கது என்கின்றேன்.

இதற்குக் காரணம் மூளையின் அமைப்பில் உளது. காலத்தை அளக்கும் உறுப்பு மூளையில் ஒன்றாக ஓரிடத்தில் இல்லை. நெற்றிப்புறத்து மூளையும், மூளையின் ஆழத்தேயுள்ள நரம்பணுத் திரள்களும், பிடரிப்புறத்துச் சிறுமூளையும் கூடி அத்தொழிலைச் செய்கின்றன. டோபமின் என்னும் பொருள் இவற்றிடையே தூது செல்வனவற்றுள் ஒன்று. கவனக்குறைவுடையோரிடத்து வேறுபாடு காணப்படுவதும் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே. 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியின்படி, மூளையின் புறணி முதிர்ச்சியில் ஒரு படியை ஏனைக் குழந்தைகள் ஏறக்குறைய ஏழரை வயதில் எய்த, இக்குறையுடையோர் பத்தரை வயதில் எய்தினர். வளராமை அன்று அது, காலந்தாழ்த்த வளர்ச்சி. அதே 2007-இல் கிரான், பிரெட் என்னும் இருவர் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு மற்றொன்றைக் காட்டிற்று. கையையும் காலையும் அசைக்காமல் தாளத்தைக் கேட்டு மட்டும் இருந்தாலும், உடலை இயக்கும் மூளைப்பகுதிகளும் ஆழத்துத் திரள்களும் எழுச்சி கொள்கின்றன. காலத்தை அளக்கும் அவ்விடத்தைத்தான் தாளமும் தொடுகின்றது என்க.

இனி, நம் தாளமுறையின் சிறப்பை நோக்குவோம். ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று விரலெண்ணல், பின் தட்டும் வீச்சும் இருமுறை. இதன்கண் காலம் காதில் ஒலிக்கின்றது, கையில் படுகின்றது, கண்ணுக்கும் தெரிகின்றது. மூன்றாம் விரலில் நிற்பவன் தான் நான்காம் எண்ணிக்கையில் இருப்பதனையும், இன்னும் நான்கு எஞ்சியிருப்பதனையும் விரலாலேயே அறிவான். உள்ளே மங்கலாயிருக்கும் காலம் வெளியே உருப்பெற்று நிற்கின்றது. கடிகார மணிக்கு இத்தன்மை இல்லை. மணி அடித்தால் நேரம் முடிந்தது என்பது மட்டும் தெரியும். முடிவு வந்துகொண்டிருக்கின்றது என்பது தெரியாது. பாட்டிலோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று காலத்திற்கு உறுப்புகள் உள. சரணத்தைக் கேட்கும் குழந்தை, பாட்டு முடியப் போகின்றது என்று முன்னரே உணரும். ‘இன்னும் சிறிது நேரத்தில்’ என்னும் மங்கலான சொல்லுக்கு இசை ஒரு வடிவங் கொடுக்கின்றது.

மூன்று காலப் பயிற்சியிலும் ஒரு நுட்பம் உண்டு. முதற்காலத்தில் பாடிய சரளி வரிசையை இரண்டாங் காலத்தில் இரட்டித்துப் பாடும்பொழுது, பாட்டுத்தான் விரையும், கை விரையலாகாது. நாவு ஓடக் கை பொறுத்திருக்க வேண்டும். தன்னைத் தான் அடக்குதல் என்பதனை இதனினும் எளிதாகக் கற்பிக்கும் பாடத்தை யான் அறியேன். அன்றியும் தாளத்தில் சமம் மீண்டும் மீண்டும் வருகின்றது. இரயில் வண்டியைத் தவறவிட்டவனுக்கு அது போனது போனதே. ஆவர்த்தத்தைத் தவறவிட்டவனுக்கு எட்டு எண்ணிக்கையில் மற்றொரு சமம் வந்து நிற்கும். கோலாட்டத்தில் பிழைத்த பிள்ளையை ஒருவரும் வைவதில்லை. கோல் கோலின்மேற் படாமல் வீணே வீசும். அதுவே பிழையை அறிவித்துவிடும். அடுத்த அடியில் அவன் கூடிக் கொள்ளலாம்.

இவற்றை எண்ணி என் வகுப்பில் யான் செய்தது சிறிதே. பத்து நிமிஷப் பயிற்சியை மூன்று கூறாக்கினேன். ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் வகுப்பு முழுதும் ஓர் ஆவர்த்தம் ஆதி தாளம் போட்டுவிட்டு அடுத்த கூற்றைத் தொடங்கும். அவன் ஒருவனுக்கென்று செய்யாமல் எல்லார்க்கும் செய்தமையால் அவனுக்கு நாணம் இல்லை. தண்ணீர் குடிக்கப் போய்வருவதற்கும் ஒரு வழி கண்டோம். வகுப்பிலிருந்து குழாயடிக்குச் சென்று, குடித்து, மீள்வதற்கு எத்தனை ஆவர்த்தம் ஆகும் என்று அவனும் யானும் சேர்ந்து நடந்தே எண்ணினோம். இருபது ஆயிற்று. எண்ணிக்கைக்கு ஒரு விநாடியாக ஓர் ஆவர்த்தம் 8 விநாடி. இருபது ஆவர்த்தம் 160 விநாடி. மூன்று நிமிஷத்திற்கும் சற்றுக் குறைவு. ‘இவ்வளவுதானா ஐயா மூன்று நிமிஷம்?’ என்று வியந்து கேட்டான். மூன்று நிமிஷத்தை அவன் கையால் தொட்டறிந்தது அன்றுதான் என்று எண்ணுகின்றேன். அதன்பின் பெரும்பாலான நாட்களில் ஐந்து நிமிஷத்திற்குள் திரும்பி வந்தான். எண்ணிக்கையை மறந்து எங்கோ நின்றுவிட்ட நாட்களும் உண்டு. அதனை மறைக்க மாட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. இசை இக்குறையைத் தீர்க்கும் மருந்து என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். 2001-இல் அமெரிக்காவில் 6 முதல் 12 வயது வரையுள்ள, இக்குறையுடைய 56 சிறுவரைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்ந்தது. தாளக்கருவியோடு ஒத்துக் கையும் காலும் இயக்கும் பயிற்சியைப் பதினைந்து மணி நேரம் பெற்றவர்கள், பயிற்சி பெறாதவரினும் கவனம், உடலியக்க அடக்கம் முதலிய சிலவற்றில் முன்னேறினர். ஆயினும் 56 பேர் என்பது சிறு தொகை. அதனை வைத்துப் பெரு முடிவு கட்டலாகாது. 1999-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி 579 குழந்தைகளைப் பதினான்கு திங்கள் தொடர்ந்து நோக்கியது. குறையின் முதன்மையான அறிகுறிகளைத் தணிப்பதில், அளவறிந்து கண்காணித்துத் தரப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சி ஒன்றனை மட்டும் பெற்றதினும் மிகுந்த பயன் தந்தது; இரண்டும் சேர்த்துப் பெற்றவரும் நன்மை அடைந்தனர். ஆதலின், மருத்துவர் மருந்து கொடுத்தால் அதனை நிறுத்திவிட்டு மிருதங்கம் கற்பிக்கச் செல்லாதீர்கள். மருத்துவம் மருத்துவத்தின் இடத்தில் நிற்க; தாளம் ஊன்றுகோலின் இடத்தில் நிற்க.

பெற்றோர் வீட்டிற் செய்யத்தக்கன சில உள. ‘சீக்கிரம் வா’, ‘நேரமாகிறது’ என்று நூறுமுறை கூறுவதால் பயன் இல்லை. அச்சொற்களில் அளவு இல்லை. ‘இந்தப் பாட்டு முடிவதற்குள் சட்டை போட்டுக்கொள்’ என்று கூறுங்கள். நாள்தோறும் அதே பாட்டாக இருக்கட்டும். மணற்கடிகாரமோ, முள் நகர்வது நன்கு தெரியும் பெரிய கடிகாரமோ பிள்ளையின் கண்ணெதிரே இருக்கட்டும். நீண்ட வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கொடுங்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா என்று சிலர் வினவுவர். 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வகுப்பில் ஒலித்த பாட்டு இக்குறையுடைய சிலருக்குத் துணையாகவும் சிலருக்கு இடையூறாகவும் இருந்தது. ஓடும் படமோ கவனத்தைக் கெடுத்தது. ஆகவே, உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று நீங்களே பார்த்தறிதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, இசையை மற்றொரு தண்டனை ஆக்கிவிடாதீர்கள். தாளம் தப்பியதற்கு அடி வாங்கிய பிள்ளை தாளத்தையும் வெறுக்கும், காலத்தையும் வெறுக்கும்.

இனி விடுதி விதிக்கு வருகின்றேன். ஒழுங்கு வேண்டா என்று சொல்பவன் யான் அல்லன். திருவள்ளுவர் மடியின்மை என்று ஓரதிகாரம் வகுத்தார். காலமறிதல் என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். சோம்பலும் காலமறியாமையும் ஒன்றென்று கருதின், இரண்டினையும் பற்றித் தனித்தனியே பேச வேண்டுவதில்லை அன்றோ? அவர் கூறும் காலமறிதல் வினைக்கு ஏற்ற பருவம் அறிதல் என்பதனை யான் அறிவேன். ஆயினும், இரண்டினையும் வேறு வேறாகக் காணும் அறிவு நமக்கும் வேண்டும். சோம்பியிருக்கும் பிள்ளையைத் திருத்துங்கள். காலமறியாத பிள்ளைக்குக் காலத்தைக் காட்டுங்கள். எவன் எத்தகையன் என்று அறியாமல் மூன்றாம் தாமதத்தில் கதவைச் சாத்தாதீர்கள்.

ஆதலின் செயற்குழுவினர்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்து கொள்கின்றேன். ஒன்று: மும்முறை தாமதித்த மாணவனை விலக்குமுன் அவன் பெற்றோரையும் ஆசிரியரையும் அழைத்துக் கேட்டு, வேண்டின் மருத்துவரிடம் காட்டுதல். இரண்டு: மாலைப் படிப்பிற்கு ஒரே மணி அடிப்பதை விடுத்து, அதற்கு முன்னர் நாள்தோறும் ஒரே பாட்டை ஒலிக்கச் செய்தல், பாட்டு முடியுமுன் பிள்ளைகள் வந்து அமர்தற்கு அது துணையாகும். மூன்று: நம்மவருள் இசைப் பயிற்சியுடையோர் வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் விடுதிப் பிள்ளைகள் யாவர்க்கும் தாளமும் கோலாட்டமும் பழக்குதல். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. யானும் உடனிருந்து என்னால் இயன்றது செய்வேன்.

அப்பையன் இன்று மேல்வகுப்பிற் பயில்கின்றான். மருந்தும் உண்டு, ஆசிரியர் துணையும் உண்டு, தாயின் பொறுமை யாவற்றினும் மேலாக உண்டு. இன்னும் சில நாட்களில் தாமதித்தே வருகின்றான். ஆயினும், தான் தாமதித்ததனை இப்பொழுது தானே அறிகின்றான். வரும் ஆண்டில் நம் விடுதியில் இடம் வேண்டி விண்ணப்பிக்க இருப்போருள் அவனும் ஒருவன். அவன் தாயாரின் இசைவு பெற்றே இதனைக் கூறினேன். அவன் யாவன் என்று என்னைக் கேளாதீர்கள். எந்தப் பிள்ளையும் அவனாக இருக்கலாம் என்று கருதி இவ்விதியை முடிவு செய்யுங்கள்.

யான் அவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்திய நாட்களை மீட்டுத் தர என்னால் இயலாது. நம் சங்கம் அவனை வாயிலில் நிறுத்தாதிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இறைவன் திருவருளால் நம் பிள்ளைகள் நலமுற்று வாழ்க.